நீல வாழைப்பழம்

"வாழைப்பழம் என்ன கலரு?"

"நீலம்."

"தக்காளி?"

"கத்தரிப்பூ."

"ஆகாசம்?"

"மஞ்ச."

"வெரி குட்!" என்றார் ரூபி மதினி.

அரசு மருத்துவமனை நடையில், பினாயில் வாசம் தூக்கலாக அடிக்கும் பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எதிர் பெஞ்சிலிருந்த பெரியவர் மதினியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிளசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று பேரில் யாருக்கு வைத்தியம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பிளசி பல் டாக்டரின் விரலைக் கடித்த கதையை எழுதியதிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் டாக்டர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறார்கள். பிளசி எப்படி இருக்கிறாள் என்று ஒருவர் கேட்கக் காணோம். டாக்டர் நன்றாக இருக்கிறார். விரலும் நன்றாக இருக்கிறது.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிளசி என் மகள். இப்போது வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டாள். நான் சொல்லப்போகும் காலத்தில் அவளுக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். உடம்பு வயதுக்குத் தக்கபடி வளர்ந்தது. அறிவு மட்டும் மூன்று வயதிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ரூபி மதினி என் கணவரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடம்தான், மதினி இல்லை.

அன்றைக்கு நாங்கள் போயிருந்தது பிளசிக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க. உள்ளே டாக்டர் கேள்வி கேட்பார். பதில் தெரியாமல் அவள் முழிக்க வேண்டும். அப்படி முழித்தால்தான் எங்களுக்கு வேண்டியது கிடைக்கும். அது நன்றாகத் தெரிந்தும் மதினி கடைசி நிமிஷம் வரை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நானும் தடுக்கவில்லை.

இரண்டு பஸ்

அப்போது எனக்கு வேலை ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில், ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். வீடு விருதுநகரில், சாத்தூர் ரோட்டை ஒட்டி. காலையில் சாத்தூர் வரை ஒரு பஸ். சாத்தூரிலிருந்து இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ்ஸில் ஏறுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பட்டாசு வெடி ஆலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிவிட்டால், டீச்சராக இருந்தால் என்ன, கலெக்டராக இருந்தால் என்ன, கம்பியில் தொங்க வேண்டியதுதான்.

சாயங்காலம் இதே கதை திருப்பிப்போட்டு நடக்கும். எங்கள் தெருமுனையில் நான் இறங்கும்போது ஆறரை ஆகிவிடும். அது ஒரு பச்சைக் கலர் தனியார் பஸ். டிரைவருக்கு ஹாரன் மேல் அப்படி ஒரு ஆசை. திருப்பத்தில் ஆரம்பித்தால் ஸ்டாப்பில் வந்து நிற்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டார்.

பிளசி பயிற்சி மையத்திலிருந்து மத்தியானமே ஆட்டோவில் வந்துவிடுவாள். சாப்பிடுவாள். நாலு மணி ஆனதும் வாசல் கேட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கூப்பிட்டால் வரமாட்டாள். குடையைப் பிடித்துக்கொண்டு மதினி பக்கத்தில் நின்ற நாளெல்லாம் உண்டு.

பஸ் ஹாரன் சத்தம் வந்ததும், கேட்டைத் தாழ் போடுகிற கொண்டியில் கை வைப்பாள். என் தலை தெரிந்ததும் "அம்மா வந்தாச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் திறப்பாள். அந்த நேரத்தில் கொண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. தெரியாமல் ஒருநாள் பால்காரர் தொட்டுவிட்டார். அவள் போட்ட சத்தத்தில், அன்றிலிருந்து அவர் காம்பவுண்டு சுவருக்கு மேலேதான் பால் ஊற்றுகிறார்.

கம்பியில் முகத்தை வைத்து நின்று நின்று, அவள் நெற்றியில் துரு கோடு கோடாக ஒட்டியிருக்கும். தினமும் வந்ததும் கட்டை விரலில் எச்சில் தொட்டு அதைத் துடைத்துவிடுவேன். துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துவிட்டு நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்க, என் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று.

ஆமத்தூர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாகப்போகிறது என்று தெரியவந்தது. வீட்டிலிருந்து ஒரே பஸ். ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். மாறுதல் கலந்தாய்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற ஆசிரியர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் சான்றிதழ் வேண்டும். அதில் குறைபாட்டின் சதவீதமும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

அதுவரை ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். மனசு வரவில்லை. நாளைக்குப் பேசிவிடுவாள், அடுத்த வருஷம் எழுதிவிடுவாள் என்று தள்ளிக்கொண்டே போனேன். அந்தத் தாளில் அவள் பெயரைப் பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி அவுட்

பஸ்ஸில் எனக்கு மாரியம்மா என்று ஒரு சிநேகிதி. வெடி ஆலையில் வேலை. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அவள் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுமினுக்கும். அவள் மகன் முத்துவும் எங்கள் பிளசி மாதிரிதான். அவனை ஒரு மாதம் முன்னால் அதே டாக்டரிடம் கூட்டிப்போய் வந்திருந்தாள்.

"என்ன கேட்டாங்க மாரியம்மா?" என்றேன். அக்கறையில்தான் கேட்டேன். சத்தியமாக.

"பேரு கேட்டாக, ஊரு கேட்டாக. கையில வெரலு எத்தனை, கண்ணு எத்தனைன்னாக. படத்தக் காட்டி இது என்ன கலருன்னு கேட்டாக."

"முத்து என்ன சொன்னான்?"

"அவன் என்னத்தச் சொல்லுவான்? டாக்டரு கண்ணாடியக் கழத்தித் தான் மாட்டிக்கிட்டான். பொறவு எங்கிட்ட, குளிப்பானாம்மான்னாக. நான் குளிப்பாட்டுனா நல்லாக் குளிப்பான் சார்னேன். தொண்ணூறு போட்டுக் குடுத்துட்டாக."

நான் கேட்டதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பேர், ஊர், விரல், கண், கலர் என்று என் மண்டைக்குள் அதுவாகவே வரிசை கட்டிவிட்டது. வினாத்தாள் அவுட் ஆகிக் கையில் கிடைத்த வாத்தியார் சும்மா இருந்ததாக எங்கள் மாவட்டத்தில் சரித்திரம் கிடையாது.

எங்கள் ஊர் வியாதி

வெளியூர்க்காரர்கள் எங்களை வெடிக்காரர்கள் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. எங்கள் மாவட்டத்தின் இன்னொரு தொழில் பரீட்சை. ரிசல்ட் வருகிற அன்று தெருவில் கல்யாணக் களை இருக்கும். தேர்ச்சியில் நம் மாவட்டம் முதலாவதாக வரவில்லை என்றால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே இல்லாத வீட்டிலும் காப்பி இறங்காது.

ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் அன்று பக்கத்து வீட்டிலிருந்து, எதிர் வீட்டிலிருந்து கருப்பட்டி மிட்டாய் வரும். தட்டை வாங்கிக்கொண்டு, அதிலே சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். பிளசிக்கு மிட்டாய் பிடிக்கும். அவள் பாட்டுக்குத் தின்பாள். எனக்குத்தான் தொண்டையில் இறங்காது.

மாரியம்மா சொன்னதை மதினியிடம் சொன்னதுதான் தாமதம், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எப்ப பரீட்சை?"

"பரீட்சை இல்ல மதினி, சோதனை. இதுல அவளுக்குத் தெரியலைன்னாத்தான் நமக்கு நல்லது."

"என்ன பேசுற சுகந்தி? பரீட்சைன்னு வந்துட்டா படிக்காமப் போறதா? நம்ம குடும்பத்துல அப்படி ஒரு பழக்கமே கிடையாது."

"பாஸாயிட்டா ஆமத்தூர் கிடைக்காது மதினி."

"ஒரு பிள்ளையப் பெயிலாக்குறதுக்காக நான் வாத்தியார் வேலைக்கு வரல" என்று சொல்லிவிட்டு, பிரம்பு இல்லாத குறையைத் தீர்க்க தோசைக்கரண்டியை எடுத்துக்கொண்டார். அடிக்க இல்லை, படத்தைத் தொட்டுக் காட்ட.

இரண்டு நாள் நான் கலந்துகொள்ளாமல் அடுக்களையில் வீராப்பாக இருந்தேன். மூன்றாம் நாள் பிளசி, "கண்ணு எத்தனை?" என்ற கேள்விக்கு "ரெண்டு" என்றாள். அவள் வாயிலிருந்து சரியான நேரத்தில் சரியான விடை வந்து நான் அதுவரை கேட்டதில்லை. வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அப்புறம் எங்கே வீராப்பு? இட்லி ஊட்டும்போது ஒரு பாடம், தலை பின்னும்போது ஒரு பாடம்.

தெரியாமல் முழித்தால் நான் திட்டமாட்டேன். கன்னத்தைத் தடவி, "பரவால்ல தங்கம், நாளைக்குச் சொல்லுவோம்" என்பேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தப் பொறுமையில் கால்வாசி காட்டியிருந்தால் எனக்கு நல்லாசிரியர் விருதே கிடைத்திருக்கும்.

பிளேட் மாறிய கதை

கலருக்குப் படம் வேண்டுமே. என் கணவர் சாமுவேலுக்கு சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை. காலண்டரும் பள்ளிக்கூடச் சார்ட்டும் அடிக்கிற பிரஸ். நல்ல சார்ட் ஆர்டர் கொடுத்தவருக்குப் போகும். அச்சில் கெட்டுப்போன வேஸ்ட் ஷீட் வீட்டுக்கு வரும். எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். அலமாரியில் விரித்திருப்பது, நோட்டுக்கு அட்டை போட்டிருப்பது எல்லாம் வேஸ்ட் ஷீட். உதடு ஒரு பக்கமும் உதட்டுச் சாயம் ஒரு பக்கமுமாக இருக்கும் அழகிகளைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டு உப்பு, புளி எல்லாம் குடித்தனம் நடத்துகின்றன.

மதினி கேட்டாரே என்று அவரும் ஒரு கட்டு கொண்டுவந்து போட்டுவிட்டு, சீசன் நேரம் என்பதால் வந்த காலோடு திரும்பிப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் வாழைப்பழம் நீல நிறத்தில் பளபளத்தது. தக்காளி கத்தரிப்பூ நிறம். ஆகாயம் மஞ்சள். கிளி மட்டும் எப்படியோ தப்பித்துப் பச்சையாகவே இருந்தது.

போன் போட்டுக் கேட்டேன்.

"அது மிஷின்ல கலர் பிளேட்ட மாத்தி மாட்டிட்டாங்கம்மா. மஞ்சள் ஓட வேண்டிய எடத்துல நீலம் ஓடிருச்சு, நீலத்துக்கு மஞ்சள்" என்றார், இதிலென்ன இருக்கிறது என்கிற குரலில்.

"இத வச்சு எப்படிங்க கலர் சொல்லிக்குடுக்கிறது?"

"படம் தெளிவா இருக்குல்ல?" என்றார். அச்சுக்காரருக்கு ஒரு கலரின் கோடு இன்னொரு கலரின் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் போதும்.

நான் அதை மடித்து அலமாரிக்குள் வைக்கத்தான் போனேன். அதற்குள் பிளசி பார்த்துவிட்டாள். வாழைப்பழத்தின் மேல் விரலை வைத்து, "நீலம்" என்றாள்.

நீலம் அவளுக்குத் தெரியும். அவளுடைய தட்டு நீலம், அவளுடைய செருப்பு நீலம்.

"இல்ல தங்கம், வாழைப்பழம் மஞ்சள்" என்றேன்.

மதினிக்கு வந்ததே கோபம். "படத்துல என்ன கலர்ல இருக்கு? நீலமா இல்லையா? பிள்ளை கண்ணால பார்த்ததச் சொல்லுது. சரியான பதிலத் தப்புன்னு சொன்னா, நாளைக்கு நம்மள எப்படி நம்பும்?"

அந்த ஷீட்டைச் சுவரில் ஒட்டினோம். பிளசி ஒவ்வொரு நாளும் மஞ்சள் வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே "நீலம்" என்று படித்தாள்.

பரீட்சை ஹால்

மருத்துவமனையில் பிளசியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மூவரும் உள்ளே போனோம். டாக்டருக்குச் சின்ன வயசு. சேலத்துப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. மேசையில் மரக்கட்டைகள், படங்கள், மணிகள்.

"பாப்பா பேர் என்னங்க?"

"பிளசி."

வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டால் அநேகமாக "போ" என்பாள்.

டாக்டர் எதையோ எழுதுவதற்காகக் குனிந்தார். அடுத்த கேள்வி வரக் கொஞ்சம் தாமதமானது. பிளசி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"விருதுநகர். அஞ்சு. ரெண்டு. நீலம். கத்தரிப்பூ. மஞ்ச. பச்ச. வெரி குட்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"டீச்சர் வீடுங்களா?"

"ஆமா சார்."

"இவங்க?"

"அத்தை. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்" என்றார் மதினி. அந்தக் குரலைக் கேட்டதும் டாக்டரே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நானும் நாலஞ்சு ஊர்ல வேலை பார்த்துட்டேங்க. இந்த டெஸ்ட்டுக்கு டியூஷன் படிச்சுட்டு வர்றது இந்த ஊர்லதாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பக் களைத்துப்போய்ச் சொன்னார்.

பிறகு ஒரு படத்தை எடுத்து நீட்டினார். வாழைப்பழம். அச்சு அசலான மஞ்சள்.

"இது என்ன கலர் பாப்பா?"

பிளசி படத்தைப் பார்க்கவே இல்லை. "நீலம்" என்றாள், முழு நம்பிக்கையோடு.

டாக்டர் குனிந்து எழுதினார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆமத்தூர் என் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அவர் எழுதுகிற அந்தப் பேனாவைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், அது தப்பில்ல சார். அவ சரியாத்தான் சொல்றா!"

"எதுங்க சரி?"

"பிளேட் மாறிப்போச்சு சார்! மஞ்சள் யூனிட்ல நீலம் ஓடிருச்சு. எங்க வீட்டுப் படத்துல வாழைப்பழம் நீலந்தான். அவ நல்லாப் படிச்சுருக்கா சார்."

"வேணும்னா தக்காளி கேட்டுப் பாருங்க, சார். கத்தரிப்பூன்னு சொல்லும்" என்றார் மதினி.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேடம், நீங்க சர்டிஃபிகேட் வாங்கத்தானே வந்தீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏங்க என்கிட்ட மார்க்குக்குச் சண்டை போடுறீங்க?"

கருணை மதிப்பெண்

இனி கேள்வி பிளசிக்கு இல்லை, எனக்கு என்றார் டாக்டர். அவள் வீட்டில் என்னென்ன செய்வாள் என்று நான் சொல்ல வேண்டுமாம். மதினியை வெளியே இருக்கச் சொன்னார். மதினி வாசல் வரை போய்த் திரும்பி, "எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லணுமா சார், இல்ல சாய்ஸ் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

"தானா சாப்பிடுவாளா?"

"சாப்பிடுவா சார்."

"சிந்தாம?"

"கொஞ்சம் சிந்தும்."

"கொஞ்சம்னா?"

"நாலு கோழி வளக்கலாம் சார்."

"தலை சீவிக்குவாளா?"

"சீப்பத் தலையில வைப்பா சார்."

"பட்டன் போடுவாளா?"

"ஒண்ணு போடுவா. அது வேற ஓட்டைக்குப் போயிரும்."

விடைத்தாளில் வெறும் வட்டம் ஒன்றை வரைந்து வைத்துவிட்டுப் போன பையனுக்குக்கூட, பூமி உருண்டை என்று சொல்ல வந்திருப்பான் பாவம் என்று அரை மார்க் போட்டவள் நான். பெற்ற பிள்ளைக்குப் போடமாட்டேனா?

டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "இப்படியே போனா நான் இவளைக் காலேஜுல சேர்க்கச் சொல்லித்தான் எழுதணும். உங்களுக்கு சர்டிஃபிகேட் வேணும்தானே? உள்ளதச் சொல்லுங்க."

கேட்டுக் கம்பியும் அவள் நெற்றியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சரி, சொல்லிவிடுவோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளசி என் மடியில் பாதி, நாற்காலியில் பாதியாக உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்டைத் தனியாத் தாண்டத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"வீட்டு விலாசம், போன் நம்பர்?"

"தெரியாது."

"தெரியாதவங்க கூப்பிட்டா, போகக்கூடாதுன்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"எங்கயாவது வலிச்சா, இங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியுமா?"

போன மழைக்காலத்தில் காது வலியோடு மூன்று நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்து அதட்டினேன். "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

கன்னத்தில் ஒரு கை பட்டது. இட்லி வாசம் வீசும் கை.

"பரவால்ல தங்கம்" என்றாள் பிளசி. "நாளைக்குச் சொல்லுவோம்."

அம்மா வரிசையாகத் தெரியாது, தெரியாது என்கிறாளே. பாவம், படிக்காமல் வந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். "இது யாருங்க சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"இது பாடத்துல இல்ல சார்" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியேயிருந்து மதினியின் குரல் வந்தது: "தெரியாத கேள்விய விட்டுட்டு அடுத்ததுக்குப் போ சுகந்தி. நேரம் போகுதுல்ல!"

டிஸ்டிங்ஷன்

சில வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. எழுபத்தைந்து சதவீதம் என்று போட்டிருந்தது. நினைத்தபடியே வந்துவிட்டது, ஆமத்தூர் உறுதி. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "பிளசிக்கு ரிசல்ட் வந்துருச்சாமே! எம்புட்டு?"

"எழுபத்தஞ்சு" என்றார் மதினி.

"ஆத்தாடி, டிஸ்டிங்ஷன்லா!"

"ஆமா" என்றார் மதினி, கண் இமைக்காமல்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து நான் வரும்போது மதினி சாத்தூர் கருப்பட்டி மிட்டாயைத் தட்டுத் தட்டாகப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். பிளசி கூடவே உட்கார்ந்து, தட்டுக்கு ஒன்றாகத் தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மதினி, அது மார்க் இல்ல. என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாதா?" மதினி நிமிரவில்லை. "இத்தன வருசமா இந்தத் தெருவுல எல்லார் வீட்டு மிட்டாயும் தின்னுருக்கோம். நம்ம வீட்டுலருந்து ஒரு தடவை போகட்டுமே. பிள்ளை படிச்சாள்ல? நீயும் பாத்தேல்ல?"

பார்த்தேன். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு நானே போனேன். தட்டில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றைக்கு மிட்டாய் எனக்கும் இறங்கியது.

அதற்கடுத்த நாள் பஸ்ஸில் மாரியம்மாவுக்கும் கொடுத்தேன்.

"டீச்சர் பிள்ள எழுபத்தஞ்சுதானா?" என்றாள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே. "எம் மகன் தொண்ணூறு!"

"அப்ப முத்துதான் மாவட்ட ஃபர்ஸ்ட்டு" என்றேன்.

கம்பியில் தொங்கியபடி இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கண்டக்டர் வந்து என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டுப் போனார். என்னவென்று அவருக்குச் சொல்வது?

அம்மா வந்தாச்சு

கலந்தாய்வில் ஆமத்தூர் கிடைத்தது. முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்த பஸ்ஸைப் பிடித்தேன். மார்க்கெட்டில் இறங்கி, பிளசிக்குச் சேவு வாங்கிக்கொண்டு, தெருவின் மறுமுனை வழியாக நடந்து வந்தேன். வெயில் இன்னும் சாயவில்லை. வெளிச்சத்தில் என் வீட்டுக்குத் திரும்பிய முதல் வேலை நாள் அது. வாய் தானாகச் சிரித்துக்கொண்டே இருந்தது.

பிளசி கேட்டுக்குப் பின்னால் நின்றாள். நான் போய் எதிரே நின்றேன்.

"திற தங்கம். அம்மா வந்துட்டேன்."

என்னைப் பார்த்தாள். என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள்.

"பஸ்ஸு வரல" என்றாள்.

"அம்மா வேற பஸ்ஸுல வந்துட்டேன்டா. இனிமே தினம் இப்பவே வந்துருவேன்."

"பஸ்ஸு வரல. அம்மா வரல."

கம்பிக்குள் கையை விட்டுக் கொண்டியைத் தொட்டேன். பால்காரருக்குப் போட்ட அதே சத்தம். எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

மதினி வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். நியாயம் சொல்லி என்னை உள்ளே விடுவார் என்று பார்த்தால், பிளசி பக்கம் திரும்பி, "கரெக்ட்டு" என்றார்.

"மதினி!"

"பஸ் வந்துச்சா? வரலைல்ல. பிள்ளை சரியாச் சொல்லுது. சரியான பதிலத் தப்புன்னா நாளைக்கு நம்மள நம்புமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், காம்பவுண்டு சுவருக்கு மேலே எனக்கு ஒரு டம்ளர் காப்பியை நீட்டினார்.

இரண்டு பஸ், ஒரு டாக்டர், எழுபத்தைந்து சதவீதம், ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுதல். எல்லாம் முடித்துச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்து, தெருவில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும், "என்ன டீச்சர், வெளிய நிக்கீக?" என்றார்கள். "சும்மா, காத்தோட்டமா" என்றேன்.

கால் வலித்தது. கம்பியில் நெற்றியை வைத்துச் சாய்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் அவளும் சாய்ந்துகொண்டாள். சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினேன். வாங்கித் தின்றாள். எனக்கும் ஒன்று தந்தாள். ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். அது இல்லை என்று தெரிந்ததும் என் கையைத் தட்டி, "அம்மா வருவா" என்று எனக்குத் தைரியம் சொன்னாள்.

இப்படி, கம்பிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக, எனக்காகக் காத்திருந்தோம்.

வெளிச்சம் போகத் தொடங்கியபோது திருப்பத்தில் ஹாரன் கேட்டது. பச்சை பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். பிளசி அவர்களை எட்டிப் பார்க்கவே இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, கொண்டியைத் தூக்கினாள்.

"அம்மா வந்தாச்சு!" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி.

உள்ளே காலை வைத்ததும் என்னை நிறுத்தி, கட்டை விரலில் எச்சில் தொட்டு, என் நெற்றியிலிருந்த துருவை அழுத்தித் துடைத்துவிட்டாள்.